குதிரைக்குக் கொள்ளு வைப்பது யார்?

எண்ணூருக்கு வடக்கே, மீஞ்சூரைத் தாண்டி, நான் ஆய்வுக்குச் செல்லும் விவசாயக் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் சென்ற மகாசபைக் கூட்டத்தில் ஆறு இளம் அங்கத்தினர்கள் மனு ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்கள். ஆளுக்கு ஒரு குதிரை வாங்க ஆறு தனித்தனிக் கடன்கள் வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. ஞாயிறுதோறும் பட்டணத்திலிருந்து வருவோரை எண்ணூர்க் கடற்கரையில் குதிரையேற்றி அழைத்துச் செல்வதாகவும், அதில் வரும் வருமானத்தைக் கொண்டு மூன்றாண்டுகளில் கடனைத் தீர்த்துவிடுவதாகவும் மனுவில் எழுதியிருந்தார்கள். ஸ்பெயின் தேசத்து நாட்டுப்புறத்தில் குதிரை வளர்க்கும் குடும்பம் ஒன்று விருந்தினரை வீட்டில் தங்கவைத்து, வாரக் கணக்கில் குதிரைச் சவாரி செய்வித்து, அதனாலேயே செழிப்பாக வாழ்வதை அவர்களுள் ஒருவர் கைப்பேசியில் கண்டிருக்கிறார். அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது என்பது அவருடைய வாதம்.

முதிய அங்கத்தினர்கள் சிரித்தார்கள். "குதிரை கீழே தள்ளினதுமல்லாமல் குழியும் பறித்ததாம்" என்று காரியதரிசி சொன்னதும் சபையில் பெரும் நகைப்பு எழுந்தது. நான் சிரிக்கவில்லை. அதற்குக் காரணம் உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் பாட்டனார் இராயபுரத்தில் ஜட்கா வண்டி ஓட்டியவர். 1856-ஆம் ஆண்டு தென்னிந்தியாவின் முதல் இரயில் வண்டி புறப்பட்ட அதே இராயபுரம் நிலையத்தின் வாசலில்தான் அவருடைய வண்டி நிற்கும். 1953-இல் டிராம் வண்டிகள் நின்றபோது இனி நமக்கு நல்ல காலம் என்று நம்பியவர்களுள் அவரும் ஒருவர். அந்த நம்பிக்கையில், வட்டிக்குக் கடன் வாங்கி ஒரு புதிய குதிரையும் வாங்கினார். இரண்டு மழைக்காலம் கழிவதற்குள் அது வயிற்றுநோவு கண்டு ஓரிரவில் இறந்துபோயிற்று. கடனோ என் தகப்பனார் வேலைக்குச் செல்லும் காலம் வரை உயிரோடிருந்தது. இன்னொரு செய்தியையும் சேர்த்துச் சொல்லவேண்டும். 1950-களின் நடுவில் திருவொற்றியூரில் என்ஃபீல்டு தொழிற்சாலை ஏற்பட்டு, புல்லட் மோட்டார் சைக்கிள்கள் உருவாகத் தொடங்கின. எண்ணூரில் லாரிகள் உருவாயின. குதிரையை வேலையிலிருந்து நீக்கிய இயந்திரங்களுள் பல எங்கள் தெருக்கோடியிலேயே பிறந்தவை. ஆகவே குதிரைக்குக் கடன் என்ற பேச்சு எழும்போது, அதைக் கேலியாகக் கேட்க என்னால் இயலவில்லை.

அந்த இளைஞர் சொன்ன ஸ்பெயின் நாட்டுச் செய்தியில் பொய் இல்லை. ஆனால் அவர் கண்டது வீட்டின் முன்வாசலை மட்டுமே. பின்கட்டில் என்ன இருக்கிறது என்பதைத்தான் நாம் பார்க்கவேண்டும்.

ஸ்பெயினின் தென்பகுதியாகிய அந்தலூசியா நெடுங்காலமாகக் குதிரை வளர்ப்புக்குப் பேர்போன பிரதேசம். அங்குள்ள ஹெரெஸ் நகரத்துக் கார்த்தூசிய மடத்துத் துறவிகள் வளர்த்த குதிரை வம்சம் இன்றளவும் உயர்வாக மதிக்கப்படுகிறது. அதே நகரில் 1973 முதல் குதிரையேற்றக் கலைக்கென்று தனிப்பள்ளி நடந்து வருகிறது. இவ்விதப் பிரதேசத்தில் குதிரை வளர்க்கும் குடும்பத்தின் முதல் தொழில் குட்டி ஈனச் செய்து, வளர்த்து, பழக்கி விற்பது. இந்தத் தொழிலில் ஒரு சங்கடம் உண்டு. குதிரை சினைப்பட்டுப் பதினொரு மாதம் சுமக்கிறது. பிறந்த குட்டி முதுகில் ஆளைத் தாங்க மூன்று நான்கு ஆண்டுகளாவது ஆகும். அதுவரை தீனியும் லாடமும் வைத்தியமும் செலவுதான், வரவு ஒன்றுமில்லை. இந்த இடைக்காலச் செலவுக்கு ஈடுகட்டவே, பழகிய வளர்ந்த குதிரைகளைக் கொண்டு விருந்தினர் சவாரி நடத்துகிறார்கள். சிறு குழுவாக வருவோர் குடும்பத்தாரோடு அமர்ந்து உண்கிறார்கள். பகலில் சில மணி நேரம் மலைச்சரிவிலும் ஒலிவத் தோப்பிலும் குதிரைமேல் செல்கிறார்கள். விருந்தினரின் எடைக்கு வரம்பு உண்டு. ஒரு குதிரைக்கு ஓய்வு கொடுக்க மற்றொரு குதிரை இலாயத்தில் நிற்கும். பிடித்த குதிரையை விலைபேசிச் செல்வோரும் இல்லாமலில்லை. அதாவது, சவாரி என்பது அந்த வீட்டின் பயிருக்கு ஊடுபயிர். ஊடுபயிரை மட்டும் தனியே விதைத்துப் பிழைக்கலாம் என்று நம் அங்கத்தினர்கள் எண்ணிவிட்டார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது, அதுவே எனக்கு மிக வியப்பாகத் தோன்றுவது. இந்தக் குடும்பங்களின் குதிரைகள் எந்த வழியே செல்கின்றன? ஸ்பெயினில் ஆடுமாடுகளைக் கோடையில் மலைக்கும் குளிர்காலத்தில் சமவெளிக்கும் ஓட்டிச் செல்லும் வழக்கம் பழமையானது. 1273-ஆம் ஆண்டில் பத்தாம் அல்போன்சோ மன்னர், மெஸ்டா என்ற பெயருடைய ஆட்டு உடைமையாளர் சபைக்கு அரச அங்கீகாரம் அளித்தார். அந்தச் சபை 1836 வரை இருந்தது. அது ஏழைகளின் சபை அன்று. பெரும் மந்தைக்காரர்களின் ஆதிக்கமும் உழவர்களோடு ஓயாத வழக்கும் அதற்கு உண்டு. ஆயினும் அதன் காலத்தில் காப்பாற்றப்பட்ட மந்தை வழிகள் இன்றும் பிழைத்திருக்கின்றன. 1995-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று அவற்றைப் பொதுச் சொத்து என்று உறுதிசெய்தது. அவற்றை விற்க முடியாது; எத்தனை ஆண்டு அனுபவித்தாலும் அனுபோக பாத்தியம் கொண்டாட முடியாது; ஜப்தி செய்யவும் முடியாது. அவற்றுள் பெரியவையான கன்யாடா என்னும் வழிகள் 75 மீட்டர் வரை அகலமுள்ளவை. நாடு முழுவதும் இத்தகைய வழிகள் ஏறத்தாழ 1,25,000 கிலோமீட்டர் நீளம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். மந்தைக்கு இடைஞ்சல் இல்லாமல் நடைப்பயணமும் குதிரைச் சவாரியும் செய்துகொள்ளலாம் என்று அந்தச் சட்டமே இடமளிக்கிறது. ஒரு குடும்பம் குதிரையை வளர்க்கலாம். ஆனால் அந்தக் குதிரை நடக்கும் வழியை எழுநூறு ஆண்டுகளாகப் பலர் சேர்ந்து காத்திருக்கிறார்கள்.

நம் கிராமங்களிலும் வண்டிப்பாதைப் புறம்போக்கும் மேய்க்கால் புறம்போக்கும் உண்டு. கிராம வரைபடத்தில் அவை அழகாகக் கோடிடப்பட்டிருக்கின்றன. தரையில் எத்தனை எஞ்சியிருக்கின்றன என்பதை அங்கத்தினர்களே அறிவார்கள்.

ஸ்பெயின் தொலைவில் உள்ளது; நம் நாட்டிலேயே உள்ள உதாரணத்தைப் பார்ப்போம். இராஜஸ்தானத்து மார்வாரிக் குதிரையின் காதுகள் உள்நோக்கி வளைந்து நுனிகள் ஒன்றையொன்று தொடும். ரேவால் என்று சொல்லப்படும் அதன் நடை குலுக்கலற்றது. நெடும் பயணத்துக்கு ஏற்றது. ரத்தோர் வம்சத்துப் படைகளின் குதிரை அது. 1952-இல் இராஜஸ்தானத்தில் ஜாகீர்கள் ஒழிக்கப்பட்டன. அது வேண்டிய சீர்திருத்தமே என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஜாகீர்தார்களின் இலாயங்கள் காலியானபோது அந்தக் குதிரைகளைக் கேட்பார் இல்லாமற்போயிற்று. பல சுடப்பட்டன, பல காயடிக்கப்பட்டன, பல பொதி சுமக்கப் போயின. ஜோத்பூர் அரச குடும்பத்தார் ஒரு பகுதியைக் காப்பாற்றி வைத்தார்கள். பின்னர் சேகாவதிப் பிரதேசத்தில் துண்ட்லோத் கோட்டையைச் சேர்ந்த ரகுவேந்திர சிங் போன்றோர், தங்கள் பழைய கோட்டை வீடுகளை விருந்தினர் விடுதிகளாக்கி, மார்வாரிக் குதிரைகளின்மேல் பல நாள் சவாரிகளை நடத்தத் தொடங்கினார்கள். ஜோத்பூருக்கு அருகே ரோஹட் கோட்டை வீட்டிலும் அவ்விதமே நடக்கிறது. வெயில் தணிந்த மாதங்களில் வெளிநாட்டார் வந்து கிராமம் கிராமமாகக் குதிரைமேல் சென்று கூடாரங்களில் தங்குகிறார்கள். ரகுவேந்திர சிங்கும் பிரான்செஸ்கா கெல்லி என்ற அம்மையாரும் முன்னின்று 1999-இல் உள்நாட்டுக் குதிரை இனங்களுக்கென்று ஒரு சங்கத்தையும் ஏற்படுத்தினார்கள். அரசுகள் போனபின் வேலையிழந்த ஒரு மிருகம், விருந்தினரைச் சுமந்து தன் தீனியைத் தானே சம்பாதித்துக்கொண்டது. வேலை இல்லாத கால்நடை இனம் நிலைக்காது என்பதற்கு நம் காங்கேயம் காளைகளின் கதையே போதும்.

ஆனால் அங்கே கோட்டை இருந்தது, நிலம் இருந்தது, தலைமுறை அறிவு இருந்தது. ஒரு குதிரை செத்தால் தாங்கும் சக்தி இருந்தது.

நம் தமிழகத்தின் நிலைமை வேறு. இங்கே குதிரை என்றும் இறக்குமதிச் சரக்காகவே இருந்து வந்திருக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, ஆண்டுதோறும் கடல்வழியே ஆயிரக்கணக்கில் குதிரைகள் வருவதையும், ஏற்ற தீனியும் லாடம் கட்டத் தெரிந்தவரும் இல்லாமல் அவற்றுள் பெரும்பாலானவை மடிந்துபோவதையும் எழுதிவைத்தார். பொன் கொடுத்து வாங்கிய குதிரை தீனி தெரியாமல் செத்தது என்பதுதான் நம் குதிரை வரலாற்றின் முதல் கணக்கு. வெள்ளையர் காலத்திலும் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸிலிருந்து வந்த வேலர் குதிரைகள் சென்னைத் துறையில் இறங்கி இராணுவத்துக்குச் சென்றன. ஓசூருக்கு அருகே மத்திகிரியில் 1824-இல் இராணுவக் குதிரைகளுக்காக ஏற்பட்ட பண்ணை பிற்காலத்தில் கால்நடைப் பண்ணையாக மாறிவிட்டது. ஐயனார் கோயில்களுக்குச் சுடுமண் குதிரைகளை வரிசை வரிசையாகச் செய்து நிறுத்தும் நம் ஊர்கள் உயிருள்ள குதிரையை வளர்க்கக் கற்றுக்கொள்ளவில்லை. மண் குதிரைக்குக் கொள்ளு தேவையில்லை என்பதும் ஒரு காரணமாயிருக்கலாம்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. ஈரோடு மாவட்டத்து அந்தியூரில் குருநாதசாமி கோயிலின் ஆடித் திருவிழாவையொட்டி இன்றும் குதிரைச் சந்தை கூடுகிறது. மார்வாரி, கத்தியவாரி முதலிய இனங்கள் அங்கே விற்பனைக்கு வருகின்றன. நம் மனுதாரர்களும் அங்கேதான் வாங்க உத்தேசித்திருந்தார்கள். சந்தையில் குதிரை நாட்டியமாடும், கூட்டம் கைதட்டும். அதன் வயதைப் பல்லைப் பார்த்து அறியத் தெரிந்தவர் கூட்டத்தில் எத்தனை பேர்? 2019-ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியா முழுவதிலும் குதிரைகளும் மட்டக்குதிரைகளும் சேர்ந்து சுமார் 3.4 லட்சந்தான். 2012-இல் 6.25 லட்சம் இருந்தன. ஏழே ஆண்டுகளில் பாதிக்குச் சற்றுக் குறையக் காணாமற்போயின.

இனி வரவு செலவுக்கு வருவோம். 400 கிலோ எடையுள்ள குதிரைக்கு நாளொன்றுக்கு எடையில் நூற்றுக்கு இரண்டு வீதம், அதாவது 8 கிலோ அளவில் உலர்தீனி வேண்டும். ஆண்டுக்கு அது ஏறத்தாழ 3 டன். ஆறு குதிரைகளுக்குப் பதினேழு டன்னுக்கு மேல். நாளொன்றுக்கு முப்பது லிட்டருக்குக் குறையாத தண்ணீர். கோடையில் இன்னும் அதிகம். ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு ஒரு முறை குளம்பு சீவி லாடம் மாற்றவேண்டும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் சம்பாதிக்கும் குதிரை வாரத்தின் ஏழு நாளும் தின்னும். அது இருபத்தைந்து ஆண்டுகள் வரை உயிர்வாழும். சவாரிக்கு உதவுவது அதைவிடக் குறைந்த காலம். எஞ்சிய காலத்தில் அதை யார் காப்பாற்றுவது? உதகமண்டலத்தில் பருவம் முடிந்ததும் தெருக்களில் குப்பை மேயும் சவாரிக் குதிரைகளைக் கண்டிருப்பவர்கள் இதற்கு விடை அறிவார்கள். அந்தக் குதிரைக்காரர்களை நான் குறை கூறவில்லை. ஒற்றைக் குதிரையும், நிலமின்மையும், இரண்டு மாதப் பருவமும் சேர்ந்தால் எவரும் அப்படித்தான் செய்ய நேரிடும். என் பாட்டனாரும் அவ்வாறு நின்றவரே.

ஆகவே ஆளுக்கொரு குதிரை, ஆளுக்கொரு கடன் என்ற திட்டத்தை நான் சிபாரிசு செய்யவில்லை. ஆனால் மனுவைத் தள்ளிவிடவும் சொல்லவில்லை. ஸ்பெயினிலும் இராஜஸ்தானத்திலும் ஒரு பெரிய வீடு தாங்கிய பாரத்தை இங்கே தாங்கக்கூடியது ஒன்றுதான் உண்டு, அது சங்கம். ஆறு பேருடைய ஆறு குதிரைகளில் ஒன்று செத்தால் ஒருவர் அழிகிறார். சங்கத்தின் ஆறு குதிரைகளில் ஒன்று செத்தால் ஆறு பேரும் ஒரு பங்கு நஷ்டம் அடைகிறார்கள். தீனிக்கு அங்கத்தினர் நிலத்தில் கொள்ளும் தீவனப் புல்லும் விளைகின்றன. குதிரையின் சாணம் அதே நிலத்துக்குத் திரும்புகிறது.

இது ஏட்டுச் சுரைக்காய் என்று சொல்வோருக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியைக் காட்டுகிறேன். பாம்புத் தோல் வாணிபம் தடைபட்டுப் பிழைப்பிழந்த இருளர்கள் 1978-இல் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார்கள். பிடித்த பாம்பைச் சில வாரங்கள் வைத்திருந்து, நஞ்சை எடுத்து, மீண்டும் விட்டுவிடுகிறார்கள். அந்த நஞ்சு மருந்துக் கூடங்களுக்குச் சென்று சிறுகச் சிறுகக் குதிரைகளின் உடலில் ஏற்றப்பட்டு, அவற்றின் இரத்தத்திலிருந்து பாம்புக்கடி மருந்து தயாராகிறது. இங்கும் குதிரை வந்துவிட்டதைக் கவனியுங்கள். நஞ்செடுக்கும் காட்சியைக் கட்டணம் செலுத்திப் பார்வையாளர்கள் பார்த்துப்போகிறார்கள். 2023-இல் அச்சங்கத்தின் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. தலைமுறையாகக் கற்ற தொழில் முதலில். அதைப் பார்க்க வரும் விருந்தினர் பின்பு. இந்த வரிசை மாறினால் காரியம் கெடும்.

இது விவசாயிகளின் பேச்சு என்று நெசவாள அன்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். சேணத்துக்கு அடியில் குதிரையின் முதுகில் இடும் விரிப்பு தடித்ததாகவும், வியர்வையை உறிஞ்சுவதாகவும், மடிப்பு விழாததாகவும், அடிக்கடி துவைத்தாலும் தாங்குவதாகவும் இருக்கவேண்டும். மடிப்பு விழுந்தால் முதுகு புண்ணாகும். புண்ணானால் வாரக்கணக்கில் சவாரி இல்லை. அந்தியூருக்கு அண்டை ஊர் பவானி. தடித்த பருத்தி நூலில் வண்ணப் பட்டைகளோடு நெய்யப்படும் பவானி ஜமக்காளத்தை அறியாதார் யார்? சந்தையில் குதிரை விற்கும் ஊருக்குப் பக்கத்திலேயே அதன் முதுகுக்கேற்ற துணியை நெய்யவல்ல தறிகள் இருக்கின்றன. இது என் யோசனை மட்டுமே. நெய்து, குதிரையின் முதுகில் இட்டு, ஒரு கோடை முழுதும் சோதித்தவர்கள்தான் தீர்ப்புக் கூற வேண்டும். எங்கேனும் ஒரு நெசவாளர் சங்கம் மாதிரிக்குப் பத்து விரிப்புகள் நெய்து பார்க்குமானால், அவற்றை அந்தியூர்ச் சந்தைக்கு எடுத்துச்செல்லும் செலவில் என் பங்கையும் கொடுக்கச் சித்தமாயிருக்கிறேன்.

எண்ணூர்க் கடற்கரையைப் பற்றி மட்டும் கண்டிப்பாகச் சொல்லவேண்டியிருக்கிறது. காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடலரிப்பைத் தடுக்கக் கருங்கற்களைக் குவித்திருக்கிறோம். மணல் எஞ்சிய இடத்தில் மீனவர்களின் படகுகளும் வலைகளும் இருக்கின்றன; அது அவர்களுடைய தொழிற்களம். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவி, வலைகளையும் படகுகளையும் கறுப்பாக்கியதை நம்மில் பலர் நேரில் கண்டோம். குதிரை நடக்க இடமில்லாத கரையில், பிறர் பிழைப்புக்கு இடைஞ்சலாகச் சவாரி நடத்துவது கூட்டுறவு ஆகாது. பொன்னேரிப் பக்கத்து ஏரிக்கரைகளும் ஆரணியாற்றை நோக்கிச் செல்லும் வண்டிப்பாதைகளும் இதைவிட ஏற்றவை. நெல்வயல்களுக்கிடையே காலை வெயில் ஏறுமுன் குதிரைமேல் செல்லப் பட்டணத்தார் வருவார்களா என்று கேட்டார்கள். வருவார்கள் என்றே நினைக்கிறேன். ஆனால் முதல் ஆண்டில் இரண்டு குதிரைக்கு மேல் வேண்டாம். கால்நடை மருத்துவரின் சான்றும், கிளாண்டர்ஸ் என்னும் நோய்க்கான இரத்தப் பரிசோதனையும் இல்லாமல் ஒரு குதிரையும் வாங்கவேண்டாம். வருமானத்தில் ஒரு பகுதியைக் குதிரையின் முதுமைக்காலத் தீனிக்கென்று தனிக் கணக்கில் வைக்கவேண்டும். இவை என் சொந்த அபிப்பிராயங்கள். இலாகாவின் உத்தரவு அல்ல.

மனுவின்மேல் நான் எழுதியது சில வரிகளே. ஆறு மனுக்களையும் ஒன்றாக்கிக் கொண்டுவருக. தீனி விளையும் நிலத்தின் சர்வே எண்களைக் குறிப்பிடுக. குதிரை செல்லும் வழியைக் கிராம வரைபடத்தோடு நடந்து பார்த்து அறிக்கை தருக என்று எழுதித் திருப்பினேன். கோபித்துக்கொள்வார்கள் என்று எண்ணினேன். அவர்களோ அடுத்த வாரமே வரைபடத்தின் நகலைப் பெற்றுக்கொண்டு, ஏரிக்கரையிலிருந்து ஆற்றங்கரை வரை விடியற்காலையில் நடந்திருக்கிறார்கள். வரைபடத்திலுள்ள வண்டிப்பாதை மூன்று இடங்களில் முள்வேலிக்குள் போய்விட்டிருக்கிறது. ஒரு வேலி வெளியூரார் ஒருவருடையது. மற்றொன்று, சங்கத்தின் நிர்வாகக் குழுவில் அமர்ந்து அன்று உரக்கச் சிரித்த அங்கத்தினர் ஒருவருடையது. மூன்றாவது, மனுதாரர்களுள் ஒருவருடைய தகப்பனாருடையது.

தகப்பனாரின் வேலி சென்ற வாரம் இரண்டு முழம் உள்ளே நகர்ந்துவிட்டதாக எனக்குச் செய்தி வந்திருக்கிறது. மற்ற இரண்டு வேலிகளும் வருகிற குழுக் கூட்டத்தின் முதல் பொருளாகவும், குதிரைக் கடன் இரண்டாவது பொருளாகவும் வைக்கப்பட்டிருக்கின்றன.